டயர் வாங்கும் முன் பாதையைச் சொல்லுங்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் நாலு சக்கர இயக்கமுள்ள வண்டிகளைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கியரைப் பற்றியோ இன்ஜினைப் பற்றியோ கேட்கவில்லை, டயரைத்தான் கேட்டன. போடிநாயக்கனூரில், மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் டயர்க் கடை வைத்திருப்பவனிடம் வேறு என்ன கேட்பார்கள் என்றார் என் மனைவி. “எந்தக் கம்பெனி டயர் நல்லது?” என்று ஒற்றை வரியில் எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. வண்டி எது, ஊர் எது, தார்ச்சாலையில் எவ்வளவு ஓடுகிறது, மண்ணில் எவ்வளவு ஓடுகிறது என்று எழுதியவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

“2022 மாடல் மஹிந்திரா தார் வைத்திருக்கிறேன். தினமும் சிங்காநல்லூரிலிருந்து சரவணம்பட்டி அலுவலகத்துக்குப் போய்வருகிறேன். விடுமுறையில் வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் போவதுண்டு. நண்பர்கள் எல்லோரும் மட் டெரெய்ன் டயருக்கு மாறிவிட்டார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. நானும் மாற்றலாமா?”
– கோவை வாசகர்

கம்பீரத்துக்காக என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். ஓட்டுவதற்காக என்றால் வேண்டாம்.

உங்கள் பாதையைப் பார்ப்போம். சிங்காநல்லூரிலிருந்து சரவணம்பட்டி வரை தார்ச்சாலை. ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள், அத்தனையும் தார்ச்சாலை. டாப்ஸ்லிப்பில் காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் அழைத்துப்போவார்கள். உங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும். இதில் சேற்று டயருக்கு வேண்டிய சேறு எங்கே இருக்கிறது?

டயரில் மூன்று வகை சொல்வார்கள். ஹைவே டெரெய்ன் தார்ச்சாலைக்கானது: பள்ளங்கள் குறைவு, ரப்பர் நன்றாகத் தரையில் படியும், சத்தம் இராது. மட் டெரெய்ன் அதற்கு நேரெதிர். பெரிய பெரிய ரப்பர்க் கட்டைகள், நடுவே விரல் புதைகிற பள்ளங்கள். களிமண்ணில் சக்கரம் சுழலும்போது பள்ளத்தில் அப்பிய மண் வெளியே வீசப்பட வேண்டும். அப்போதுதான் அடுத்த சுற்றில் கட்டையின் விளிம்பு புது மண்ணைப் பற்றும். பள்ளம் குறுகலாக இருந்தால் மண் அடைத்துக்கொள்ளும், டயர் மொழுமொழுவென்று ஆகி நின்ற இடத்திலேயே சுற்றும். ஆல் டெரெய்ன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது.

சேற்றில் உதவுகிற அதே பள்ளம் மழை பெய்த தார்ச்சாலையில் உங்களுக்கு எதிரி. தரையைத் தொடுகிற ரப்பரின் பரப்பு குறைவு. ஈரச் சாலையில் நீர்ப்படலத்தை அறுத்துப் பிடிப்பவை கட்டைகளின் மேலுள்ள மெல்லிய கீறல்கள். மட் டெரெய்னில் அவை மிகக் குறைவு. ஐப்பசி மழையில் அவிநாசி சாலையில் முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால், உங்கள் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடும். இது போதாதென்று 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஓர் இரைச்சல் தொடங்கும். புது டயரில் அது பொறுக்கும்படி இருக்கும், பாதி தேய்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டும். டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

இன்னொன்று. உங்கள் வண்டி 18 அங்குல அலாய் ரிம் உள்ள உயர் ரகமாக இருந்தால், அதில் இருக்கும் 255/65 R18 அளவு டயர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஆல் டெரெய்ன் வகைதான். அதைத் தேயும்வரை ஓட்டுங்கள். தேய்ந்ததும் மீண்டும் ஆல் டெரெய்னே போடுங்கள். மிச்சப்படும் பணத்தில் நல்ல காற்றுமானி ஒன்றும், சிகரெட் லைட்டரில் செருகாமல் நேரடியாக பேட்டரியில் மாட்டுகிற கம்ப்ரசர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மண்பாதையில் டயரின் வகையைவிட அதிலுள்ள காற்றின் அளவுதான் அதிகம் பேசும். இதை இந்த இதழில் இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

“சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு வாடகை ஜீப்பில் போனோம். பாறைக்கு மேல் பாறையாக ஒரு பாதை. ஜீப்பில் இருந்ததோ சாதாரண டயர், அதிலும் ஒன்று பாதிக்கு மேல் தேய்ந்தது. அந்த டயரிலேயே ஏறிவிட முடியுமென்றால் என் கணவர் எதற்கு இவ்வளவு செலவு செய்து டயர் மாற்ற வேண்டும் என்கிறார்?”
– மதுரை வாசகி

அம்மா, இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான்.

கொழுக்குமலை எங்கள் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் பாதையில் ஜீப்பை ஏற்றுவது டயர் மட்டுமல்ல. நாலு சக்கர இயக்கத்தில் ‘லோ’ கியரைப் போட்டுவிட்டு, மனிதர் நடக்கிற வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக ஓட்டுநர் உருட்டிக்கொண்டு போனதைக் கவனித்திருப்பீர்கள். சக்கரம் எங்கேயும் வெறுமனே சுழலாது. காய்ந்த பாறையில் ரப்பருக்குப் பிடிப்பு இயல்பாகவே கிடைக்கும்; அங்கே ஆழமான பள்ளத்துக்குப் பெரிய வேலை இல்லை. பாறையில் டயர் சாவது பக்கச்சுவர் கிழிந்துதான். அது கிழிவது பெரும்பாலும் வேகத்தில், அல்லது சக்கரம் சுழன்று கூரான கல்லில் உரசும்போது. அனுபவமுள்ள ஓட்டுநர் கூர்க்கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட மாட்டார், டயரின் பக்கத்திலும் உரச விட மாட்டார். நேராக அதன் மேல் ஏற்றுவார். தரையில் படுகிற பகுதிதான் டயரிலேயே தடிமனானது.

அந்தப் பழைய ஜீப்புகளில் இன்னொரு சங்கதி உண்டு. பலவற்றில் இருப்பவை நைலான் டயர்கள். நைலான் டயரில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்பு வரை போகும். அதனால் பக்கச்சுவரும் முரட்டுத்தனமாக இருக்கும். ரேடியல் டயரில் எஃகுப் பட்டைகள் தரையில் படும் பகுதிக்கு அடியில் மட்டும்தான், பக்கச்சுவர் மெல்லியது. நெடுஞ்சாலையில் ரேடியல் குளிர்ச்சியாக, நேராக, அதிர்வில்லாமல் ஓடும். நைலான் சூடேறும், ஸ்டியரிங்கும் அலையும். மதுரையிலிருந்து சூரியநெல்லி வரை போகிற வண்டிக்கு ரேடியல், சூரியநெல்லியிலிருந்து மேலே மட்டுமே போகிற வண்டிக்கு நைலான். இரண்டு பேர் கணக்கும் சரிதான்.

விடியற்காலை விடியற்காலையாக ஏறி இறங்குகிற ஓட்டுநருக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் மனப்பாடம். உங்கள் கணவருக்கு அது இல்லை. இல்லாத மனப்பாடத்துக்கு ஈடாகத்தான் அவர் நல்ல டயருக்குப் பணம் கொடுக்கிறார், அதில் தவறில்லை. ஆனால் தேய்ந்த டயரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காய்ந்த பாறை மன்னிக்கும், மழை நனைத்த பாறையும் அதன் மேலுள்ள செம்மண்ணும் மன்னிக்காது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் சட்டப்படியும் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. பள்ளத்துக்கு அடியில் சின்ன மேடு ஒன்று வைத்திருப்பார்கள், ரப்பர் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டதா என்று அடுத்த முறை ஏறும் முன் பாருங்கள்.

“சாந்தன்பாறைக்கு மேலே ஏலத்தோட்டம். நாலு சக்கர இயக்கமுள்ள பொலிரோ கேம்பர் ஓட்டுகிறேன். ஜூன், ஜூலையில் தோட்டத்துப் பாதை முழுக்கக் களி. சில நாள் ஆட்கள், சில நாள் உரமூட்டை. 6 பிளை டயர் போடவா, 8 பிளை போடவா? அகலமான டயர் போட்டால் புதையாது என்கிறார்களே?”
– போடி வாசகர்

ஐயா, நீங்கள் பக்கத்து ஊர்க்காரர், கடைக்கே வந்திருக்கலாம். எழுதியதும் நல்லதுதான், நாலு பேருக்குப் பயன்படும்.

முதலில் பிளை. ஒரு காலத்தில் டயருக்குள் எத்தனை அடுக்குத் துணி இருக்கிறது என்பதே அந்த எண். இன்று அது வலிமையைக் குறிக்கிற எண் மட்டும். 8 பிளை என்று எழுதிய டயரை அறுத்துப் பார்த்தால் எட்டு அடுக்கு இருக்காது. உங்களுக்கு வேண்டிய எண் வேறு இடத்தில் இருக்கிறது. டயரின் அளவுக்குப் பக்கத்தில் 100, 104, 110 என்று ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண், அந்த ஒரு டயர் தாங்கும் எடை: 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ, 110 என்றால் 1,060 கிலோ. எழுத்து, வேகம்: க்யூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. தோட்டத்து வண்டிக்கு எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எடை எண் மட்டும் வண்டியோடு வந்த டயரில் உள்ளதைவிடக் குறையவே கூடாது.

மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு, அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ என்று எழுதிய, இலகுரக லாரிகளுக்கான டயர் கிடைத்தால் 6 பிளையில் அதை எடுங்கள். 8 பிளை வேண்டாம். அது பாறைக்கு நல்லது, ஆனால் சுமையில்லாமல் வரும்போது விறைத்துக்கொண்டு நிற்கும், களியில் தரையோடு படியாது. எல்.டி. டயரில் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதே எடையைத் தாங்க அதற்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும். பழைய கணக்கிலேயே காற்று வைத்து மூட்டை ஏற்றினால் உள்ளுக்குள் சூடேறிப் பக்கச்சுவர் போய்விடும்.

அகலத்தைப் பற்றிச் சொன்னவர் மணல் பூமிக்காரராக இருப்பார். உங்கள் பாதையில் மேலே ஒரு சாண் களி, அடியில் கெட்டியான தரை. அங்கே அகலமான டயர் களியின் மேல் மிதந்துகொண்டு பக்கவாட்டில் சறுக்கும். சரிவுப் பாதையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும். ஒடுக்கமான டயர் களியைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைத் தொடும். வண்டியோடு வந்த அளவே போதும். மூன்று, நான்கு மாதம் தொடர்ந்து களியில் ஓடுகிற உங்கள் வண்டிக்குத்தான் மட் டெரெய்ன் டயர் உண்மையிலேயே பொருந்தும். கோவை நண்பருக்குச் சொன்னதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும். சுமையில்லாமல் இருக்கும்போது காற்றுமானி காட்டும் பி.எஸ்.ஐ. அளவில் 32-லிருந்து 22, 24 வரை இறக்கலாம். மூட்டையோடு இருந்தால் பின் சக்கரத்தில் கைவைக்காதீர்கள். உங்கள் வண்டியில் டியூப் இருந்தால் இன்னும் கவனம்: காற்றுக் குறைந்த டயர் ரிம்மின் மேல் மெல்ல நகரும், டியூபும் கூடவே நகரும், வால்வு அடியோடு பிய்த்துக்கொண்டு வரும். எங்கள் கடைக்கு மழைக்காலத்தில் வருகிற டியூபுகளில் பாதி அப்படிப்பட்டவைதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்களை இருக்கையில் ஏற்றுங்கள், பின்னால் சரக்குப் பெட்டியில் ஏற்றாதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தோட்டப் பாதையில் பின்னால் நிற்கிற மனிதர்களின் எடை ஒவ்வொரு வளைவிலும் இடம் மாறும். அதை எந்த டயராலும் சமாளிக்க முடியாது.

“ஜிம்னி வாங்கியிருக்கிறேன். 195/80 R15 டயர் பார்க்கச் சின்னதாக இருக்கிறது. 215/75 போடலாம் என்று ஒருவர் சொல்கிறார், 235/75 போடு என்று இன்னொருவர். எதைக் கேட்பது?”
– குன்னூர் வாசகர்

தம்பி, ஒரு காகிதமும் பேனாவும் எடுங்கள். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்று பொருள்: 156. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்: 312. ரிம் 15 அங்குலம், அதாவது 381. கூட்டினால் மொத்த உயரம் 693 மில்லிமீட்டர். இதே கணக்கில் 215/75 R15 போட்டால் 703.5 வரும். பத்தரை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. வண்டியின் வயிறு உயர்வது அதில் பாதிதான், ஐந்து மில்லிமீட்டர் சொச்சம். உயரத்துக்காக என்றால் இது வீண் செலவு. ஆனால் இந்த அளவில் ஆல் டெரெய்ன் டயர்கள் கடைகளில் எளிதாகக் கிடைக்கும், மாற்றம் ஒன்றரை சதவீதம்தான், வண்டிக்கும் கெடுதல் இல்லை. போட்டுக்கொள்ளலாம்.

235/75 R15 என்றால் 733.5 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடுதல். வண்டியின் வயிறு 20 மில்லிமீட்டர் உயரும் என்பது உண்மை. பதிலுக்கு என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் டயர் உள்ளே உரசும். அதைத் தவிர்க்க சஸ்பென்ஷனை உயர்த்தச் சொல்வார்கள். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-ஐ ஒட்டி ஓடும். ஜிம்னியின் ஒன்றரை லிட்டர் இன்ஜின் குன்னூர் ஏற்றத்தில் இப்போதே இரண்டாவது கியரைத் தேடும். சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் நீண்டுவிடும், இன்ஜின் இன்னும் திணறும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் கூடுதலாகப் பாடுபட வேண்டும். பர்லியாறு இறக்கத்தில் தினமும் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னியையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும் என்பதை உங்களிடம் 235 விற்கப் பார்ப்பவர் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்று சதவீதத்துக்கு மேல் உயரம் மாறுகிற டயரை நான் யாருக்கும் மாட்டித் தருவதில்லை. அடுத்த கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

“சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு இருக்கிற வண்டியைக் கேரள எல்லையில் நிறுத்தி அபராதம் போடுகிறார்கள் என்பது உண்மையா?”
– கம்பம் வாசகர்

உண்மை. அபராதம் அங்கே மட்டும் என்றும் நினைக்காதீர்கள், சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டித் தீர்ப்பளித்தது. ரிம்மை அகலமாக்கி, மட்கார்டுக்கு வெளியே டயர் தெரியும்படி வைப்பது சேற்றையும் கல்லையும் பின்னால் வருகிறவர் மேல் எறியும், பேரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

“உடன்குடிப் பக்கம் தேரி மணலைத் தாண்டிப் பனங்காடு இருக்கிறது. பழைய ஜிப்சி. மணலில் அடிக்கடி புதைகிறது. மட் டெரெய்ன் போட்டால் சரியாகுமா?”
– திருச்செந்தூர் வாசகர்

இன்னும் சீக்கிரமாகப் புதையும். மட் டெரெய்னின் கட்டைகள் தோண்டுவதற்காகச் செய்யப்பட்டவை. களியில் தோண்டினால் கெட்டித் தரை கிடைக்கும். தேரியில் தோண்டினால் மேலும் மணல்தான் கிடைக்கும். மணலுக்கு வேண்டியது ஒட்டகத்தின் பாதம்: அகலமாக, மெத்தென்று, தோண்டாமல் மேலேயே நடப்பது. நீங்கள் டயரை மாற்றவே வேண்டாம், காற்றை இறக்குங்கள். 16 வரை இறக்கினால் டயர் தரையில் படுகிற நீளம் நன்றாகக் கூடும்; ஜிப்சி எடை குறைந்த வண்டி, அது போதும். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளலாம். மணலில் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், தானாக உருண்டு நிற்கட்டும். முடிந்தவரை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கும்வரை தனுஷ்கோடிக்கு மணலில் ஓடிய வேன்களும் ஜீப்புகளும் விசேஷ டயர் எதுவும் மாட்டிக்கொண்டு ஓடவில்லை; ஓட்டியவர்களுக்கு மணல் தெரிந்திருந்தது.

தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி காற்று நிரப்ப வேண்டும் என்பது கட்டாயம். 16-ஐ வைத்துக்கொண்டு திருச்செந்தூர்ச் சாலையில் 60-ல் போனால் டயர் சூடேறி வெடிக்கும். தேரியில் எது வனத்துறை எல்லை என்பதைக் கேட்டுக்கொண்டு, உங்கள் தோட்டப் பாதையை விட்டு விலகாமல் ஓட்டுங்கள். கடற்கரையில் இறக்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தை, மாசியில் அங்கே பங்குனி ஆமைகள் முட்டையிடும்.

“செப்டம்பரில் ஃபார்ச்சூனரில் லடாக் போகிறோம். மேலே போகப்போக டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமா? நைட்ரஜன் நிரப்பவா? பனிச் சங்கிலி வேண்டுமா?”
– சென்னை வாசகர்

காற்றுக் கணக்கு வேடிக்கையானது. உயரம் போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். அதனால் மானியில் டயரின் அழுத்தம் கூடிக் காட்டும். கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே வெளிக்காற்று கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் சென்னையில் 32 வைத்த டயர் அங்கே 39 காட்ட வேண்டும். ஆனால் சென்னையில் 40 டிகிரி, கணவாயில் பூஜ்யம் என்றால் குளிர் ஏறக்குறைய ஆறு அளவைக் குறைத்துவிடும். ஒன்றை ஒன்று கழித்தால் மறுபடி 33-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே வழியெல்லாம் பதறிப்போய்க் காற்றை இறக்காதீர்கள். காலையில், வெயில் படும் முன், ஓட்டும் முன் ஒருமுறை பாருங்கள், போதும். இறக்கிவிட்டால் மேலே மறுபடி நிரப்புவது பெரும்பாடு. மெலிந்த காற்றில் கம்ப்ரசர் நெடுநேரம் இழுக்கும்.

நைட்ரஜனா? சாதாரணக் காற்றில் 78 சதவீதம் அதுதான். பணம் கொடுத்து மிச்சத்தை வாங்க வேண்டியதில்லை.

செப்டம்பரில் உங்கள் எதிரி பனியைவிடக் கூரான கல்தான். பக்கச்சுவர் வெட்டுப்பட்டால் பஞ்சர்க் குச்சி வைத்து ஒட்ட முடியாது. ஒட்டியதாக யாராவது காட்டினால் அந்த டயரில் கணவாய் இறங்காதீர்கள். தரையில் படும் பகுதியில் ஆணி, கல் குத்தினால் குச்சி போதும். நல்ல ஸ்டெப்னி, பஞ்சர்க் கருவி, கம்ப்ரசர் மூன்றும் கட்டாயம். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் மட்டும், பக்கச்சுவரில் மூன்று சிகரமும் நடுவே பனித்துளி நட்சத்திரமும் பொறித்த டயரைப் பாருங்கள். அது பனிக்கான சோதனையில் தேறியது என்பதற்கான முத்திரை. உறைந்து கண்ணாடியான சாலையில் அதுவும் போதாது, சங்கிலி வேண்டும். எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்று வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும்.

“நாலு டயரில் முன்னிரண்டு மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. இரண்டை மட்டும் மாற்றினால் போதாதா?”
– ஏற்காடு வாசகர்

சாதாரணக் காரில் போதும். நாலு சக்கர இயக்கத்தை அவ்வப்போது போட்டுக்கொள்கிற உங்கள் வண்டியில் போதாது. நெம்புகோலை நான்குக்குத் தள்ளியதும் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்கின்றன. புது டயரின் பள்ளம் 10 மில்லிமீட்டர், பழையது 3 மில்லிமீட்டர் என்றால் உயரத்தில் 14 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு சுற்றில் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் போகும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த முறுக்கைத் தணித்துக்கொள்ளும். கெட்டித் தரையில் தணிய வழியில்லை, கியர்ப்பெட்டி அதைச் சுமக்கும். புதிய இரண்டின் விலையைவிட அந்தப் பெட்டியின் பழுதுச் செலவு பல மடங்கு. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இனிமேலாவது அப்படிச் செய்யுங்கள்.

“வெளிநாட்டு ஆல் டெரெய்ன் டயர், உபயோகிக்காதது, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார் ஒரு கடைக்காரர். வாங்கலாமா?”
– திண்டுக்கல் வாசகர்

எப்போது செய்தது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கச்சுவரில் ‘டி.ஓ.டி.’ என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்குகிற வரி ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கிழடு தட்டும். கட்டைகளின் அடியில் மயிரிழை வெடிப்புகள் விழும், ஈரத்தில் பிடிப்புக் குறையும். இரண்டு வருடம் வரை என்றால் பேரம் பேசி வாங்கலாம். ஐந்து வருடத்தைத் தாண்டியதை இலவசமாகக் கொடுத்தாலும் நான் மாட்ட மாட்டேன். அந்த நான்கு இலக்கம் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அடுக்கி வைத்த டயரில் அது சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கலாம். எடுத்து உருட்டிக் காட்டச் சொல்லுங்கள். “அதெல்லாம் புதுசுதான்” என்று சொல்லி உருட்ட மறுத்தால், திண்டுக்கல்லில் வேறு டயர்க் கடைகள் நிறைய இருக்கின்றன.